கதை முடிந்த பிறகு பேசுகிறவர்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் ஓர் இரவு கட்டாயம் நாடகம் உண்டு, பெரும்பாலும் அரிச்சந்திரன். அரிச்சந்திரனாக வருபவர் பகலில் பால்மரம் வெட்டுகிறவர். மயான காண்டம் முடிந்து, சிவபெருமான் தோன்றி, லோகிதாசன் உயிர்பெற்று எழுந்து, இழந்த முடியும் திரும்பக் கிடைத்து, ஆர்மோனியக்காரர் மங்களத்துக்குச் சுருதி பிடிக்கும் நேரத்தில் அவர் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடை விளிம்புக்கு வருவார். "ஆடினதுல பாடினதுல குத்தங்குறை இருந்தா பெரியவங்க பொறுத்துக்கணும். காசு குடுத்தவங்களுக்கும் கை குடுத்தவங்களுக்கும் கும்பிடு. விடிஞ்சா பெரட்டு இருக்கு, புள்ளைங்கள எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க" என்பார். பெரட்டு என்றால் விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் கூடி வேலைக்குப் பேர் கொடுப்பது. இதெல்லாம் சொன்ன பிறகுதான் மங்களம்.

பாதித் தூக்கத்தில் பாட்டி மடியில் கிடக்கும் எனக்கு, எழுந்து போனால் போதும் என்றிருக்கும். பாட்டி விடமாட்டார். "அவரு சொல்லி முடிக்கட்டும்டி. அதுவும் நாடகம்தான்" என்பார்.

பாட்டி சொன்னது எவ்வளவு சரி என்று ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. 1611 வாக்கில் எழுதப்பட்டது. மந்திர வித்தைக்காரன் புராஸ்பரோ எல்லாரையும் மன்னித்து, மந்திரத்தையும் துறந்துவிட்ட பிறகு, தனியாக வந்து நின்று 20 வரி பேசுகிறான். என் மந்திரமெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி என்னிடம் இருப்பது என் சொந்த பலம் மட்டும், அதுவும் சொற்பம், நீங்கள் கைதட்டினால்தான் இந்தத் தீவிலிருந்து எனக்கு விடுதலை என்கிறான். கிரீடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற எங்கள் அரிச்சந்திரன் அப்படியே கண்முன் வந்து நின்றார். அவரும் ராஜாவாக இருந்து, ஒரே நிமிஷத்தில், விடிந்தால் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டிய மனிதர் ஆனவர்தானே.

இப்போது இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. வருகிற ஆடித் திருவிழாவுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். தோட்டம் ரப்பர் போய்ச் செம்பனையாகி, அப்புறம் பாதி தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, ஆகிவிட்டது. கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. 1960-களில் தோட்டத்தின் ஒரு பாதியைத் துண்டு போட்டு விற்றபோது லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுப் போன குடும்பங்களைப் பற்றிய நாடகம் அது. எழுதியவன் ஆறாம் படிவம் படிக்கும் பையன். கடைசிப் பக்கத்தில் 'முடிவுரை' என்று தலைப்புப் போட்டு, பாத்திரங்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து பின்னாளில் தாங்கள் என்ன ஆனோம் என்று சொல்வதாக எழுதியிருந்தான். "டீச்சர், இது வேணுமா வேணாமா? குழுவுல பாதிப் பேரு வேணாம்ங்கிறாங்க" என்று கேட்டான். ஒரு வாரம் டைம் கொடு என்றேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததுதான் இது.

முதல் சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு முடிவுரை என்றால் கட்டுரைத் தாளில் வரும் கடைசிப் பத்தி. முன்னுரை, கருத்துகள், முடிவுரை என்று தமிழ்ப்பள்ளியிலேயே பழக்கிவிடுகிறோம். சொன்னதைச் சுருக்கித் திரும்பச் சொல் என்கிறோம். நானே ஆயிரம் தடவை அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதே சொல்லைக் கதைக்கும் நாடகத்துக்கும் கொண்டுபோனால், பிள்ளை அங்கேயும் நீதியைச் சுருக்கி எழுதப் பார்க்கும். பையனின் கடைசி வரி 'ஆகவே, கல்வியே நமது செல்வம்' என்றிருந்தது. அவன்மேல் தப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் 'எபிலோக்' என்கிறார்களே, கிரேக்கர்கள் அந்தச் சொல்லை உண்டாக்கியபோது அதற்குக் கிட்டத்தட்ட நம் பள்ளிக்கூட அர்த்தம்தான். 'எபிலோகோஸ்' என்றால் மேற்கொண்டு சொல்லும் பேச்சு. வழக்குமன்றத்திலும் சபையிலும் பேசுகிறவன் கடைசியில் தன் வாதத்தைத் தொகுத்து, கேட்பவர் மனத்தைத் தன் பக்கம் சாய்த்து, உணர்ச்சியைக் கிளப்பி முடிக்கும் பகுதி. அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றிய தம் நூலின் கடைசி அத்தியாயத்தில் இதைத்தான் விளக்குகிறார். எப்படி முடிக்க வேண்டும் என்பதற்கு அவர் தரும் மாதிரி எனக்கு மிகவும் பிடித்தது: சொன்னேன், கேட்டீர்கள், விஷயம் உங்கள் கையில், தீர்ப்புச் சொல்லுங்கள். கிரேக்கத்தில் நாலே வினை. அந்த நூலே அந்தச் சொற்களோடுதான் முடிகிறது.

வழக்குமன்றத்திலிருந்து இது மேடைக்கு வந்தபோது தொகுத்துச் சொல்லும் வேலை உதிர்ந்துபோயிற்று. எதிரே இருப்பவரைப் பார்த்துப் பேசும் வேலை மட்டும் நின்றது. நாடகம் முழுக்கப் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், நாம் ஒட்டுக்கேட்கிறோம். கடைசியில் ஒருவர் திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறார். அந்த முகம் திரும்பும் கணம்தான் நிறைவுரை. ரோமானிய நகைச்சுவை நாடகங்களில் கைதட்டுங்கள் என்று கேட்டு முடிப்பது வழக்கமாகவே இருந்தது.

நான் பிள்ளைகளிடம் இரண்டு சொல்லாகப் பிரித்துச் சொல்கிறேன். படைப்புக்கு உள்ளே நின்று, பாத்திரமோ கதைசொல்லியோ கடைசியில் பேசுவது நிறைவுரை. நூலுக்கு வெளியே நின்று, ஆசிரியரோ வேறொருவரோ அந்த நூலைப் பற்றி எழுதிச் சேர்ப்பது பின்னுரை. முதலாவதை எடுத்துவிட்டால் படைப்பில் ஓர் உறுப்புக் குறையும். இரண்டாவதை எடுத்தாலும் படைப்பு முழுசாகவே இருக்கும். புத்தகக் கடைகளில் இரண்டையும் பின்னுரை என்றே போடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

தமிழில் இதற்கு மரபு உண்டா என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது முன்பக்கத்துப் பெருமைதான். நன்னூல் பாயிரத்துக்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம் என்று எட்டுப் பெயர்களை அடுக்குகிறது. ஆயிரம் முகமாக விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே ஆகாது என்று அடித்துச் சொல்கிறது. நூலின் பின்னால் வருவதற்கு நன்னூலில் அப்படிப் பட்டியல் இல்லை. திருக்குறளைப் பாருங்கள்: பாயிரமாக முன்னால் 4 அதிகாரம், 40 குறள். கடைசியில்? 'கூடி முயங்கப் பெறின்' என்று தலைவனும் தலைவியும் தழுவிக்கொள்வதோடு 1330-ஆவது குறள் முடிந்துவிடுகிறது. வள்ளுவர் திரும்பி வந்து விடைபெற்றுக்கொள்வதில்லை.

மன்னிப்புக் கேட்பதைக்கூட நாம் முன்னாலேயே வைத்துவிட்டோம். அதுதான் அவையடக்கம். பாற்கடலைப் பார்த்த பூனை அதை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டது போல நான் இராமகாதை பாட வந்தேன் என்று கம்பன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். ஆங்கில மேடை அதைக் கடைசியில் வைக்கிறது. 'நடுவேனில் இரவுக் கனவு' முடியும்போது பக் என்ற குறும்புத் தேவதை வந்து, நிழல்களாகிய நாங்கள் உங்கள் மனம் நோகச் செய்திருந்தால் நீங்கள் தூங்கிக் கனாக் கண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. எங்கள் அரிச்சந்திரன் இந்த விஷயத்தில் கம்பனைவிடப் பக்கின் கட்சி. வில்லுப்பாட்டு இரண்டு பக்கமும் வைத்திருக்கிறது: முன்னால் அவையடக்கம், கடைசியில் ஊரையும் கேட்டவரையும் வாழ்த்தும் வாழி.

ஆனால் இலக்கணம் பெயர் வைக்காததால் நிறைவுரை நம்மிடம் இல்லாமல் போகவில்லை. மார்கழி விடியலில் கோயிலில் திருப்பாவை பாடியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும், பெயர்தான் தெரியாது. முதல் பாட்டிலிருந்து 29-ஆம் பாட்டு வரை பேசுகிறவள் ஆயர்பாடிப் பெண். தோழியை எழுப்புகிறாள், நந்தகோபன் வாசலில் நிற்கிறாள், கண்ணனிடம் பறை கேட்கிறாள். 30-ஆம் பாட்டில் அவள் இல்லை. 'பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ்மாலை முப்பதும்' என்று வேறொரு குரல் பேசுகிறது. ஆய்ச்சி வேடத்தைக் கழற்றிவிட்டு வில்லிபுத்தூர்ப் பெண் தன் பெயரோடு வெளியே வருகிறாள். இதைத் தப்பாமல் சொல்பவர் எங்கும் திருவருள் பெற்று இன்புறுவர் என்று பாடுபவரைப் பார்த்துச் சொல்கிறாள். பாத்திரம் விலகுவது, பெயர் சொல்வது, கேட்பவரை வாழ்த்துவது மூன்றும் ஒரே பாட்டில். உலக மேடைகளில் பேசப்பட்ட எந்த நிறைவுரைக்கும் இது இளைத்ததில்லை என்பேன்.

சம்பந்தர் பதிகங்களிலும் இதே ஏற்பாடுதான். கடைசிப் பாட்டில் தம் பெயரையும், பாடுவோர் அடையும் பயனையும் சொல்வார். தேவார வகுப்புக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'தோடுடைய செவியன்' முடியும்போது 'தொல்வினை தீர்தல் எளிதாமே' என்று பாடுகிறார்களே, அந்தப் பாட்டுக்குப் பெயரே திருக்கடைக்காப்பு. கடைசியில் வைக்கும் காப்பு. எவ்வளவு அழகான சொல்! நிறைவுரைக்குத் தமிழில் நல்ல பெயர் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. பக்தி இலக்கியத்துக்கே உரியதாக அது நின்றுவிட்டதால் துணிச்சல் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சிலப்பதிகாரம் இருக்கிறது. நம் காப்பியங்களில் முடிவைப் பற்றி மிக அதிகமாக யோசித்தவர் இளங்கோ. மதுரை எரிவதோடு கதையை நிறுத்தியிருக்கலாம். கண்ணகி வானேறியதோடு நிறுத்தியிருக்கலாம். வஞ்சிக் காண்டம் முழுவதுமே, ஒரு விதத்தில், அப்புறம் என்ன நடந்தது என்பதற்கான பதில்தான். செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கோயில் எழுப்பியாயிற்று. 30-ஆவதும் கடைசியுமான வரந்தரு காதையில், கண்ணகியின் தோழி தேவந்தியின்மேல் தெய்வம் வருகிறது. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆள் கோயிலுக்குள் நுழைகிறார். 'யானும் சென்றேன்' என்கிறது வரி. அந்த 'யான்' இளங்கோவேதான். கண்ணகி தேவந்தியின் வாயால் அவரிடமே அவர் கதையைச் சொல்கிறாள்: அரசாளும் இலக்கணம் இளையவனான உனக்குத்தான் உண்டு என்று நிமித்திகன் சொன்னதும், அண்ணன் செங்குட்டுவன் மனம் நோகக் கூடாதென்று நீ துறவு பூண்டாயே என்று. இத்தனை நேரம் கதையைச் சொன்னவரைப் பாத்திரம் பார்த்துவிடுகிறது! அதன்பிறகே அவர் நம் பக்கம் திரும்பி, 'தெளிவுறக் கேட்ட திருத்தகு நல்லீர்' என்று விளித்து, தெய்வம் தெளிமின், பொய்யுரை அஞ்சுமின், புறஞ்சொல் போற்றுமின் என்று அடுக்குகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. பதிகத்துக்கும் மங்கல வாழ்த்துக்கும் நடுவே உரைபெறு கட்டுரை என்று ஒரு சின்ன உரைநடை வரும். பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, நோய் வந்தது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழா எடுத்தான், கொங்கர் எடுத்தார்கள், இலங்கைக் கயவாகு எடுத்தான் என்றெல்லாம் அதில் இருக்கும். எல்லாம் கதை முடிந்த பிறகு நடந்தவை. முடிவில் நிற்க வேண்டிய செய்தி நூலின் வாசலிலேயே நிற்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஊர் ஊராக விழா எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் நாம் அவள் கல்யாணப் பாட்டைக் கேட்கத் தொடங்குகிறோம். அந்தக் கல்யாணம் அதனாலேயே கனக்கிறது.

வடமொழி நாடகங்களில் இதற்குத் திட்டமான இடமே உண்டு. பரத வாக்கியம் என்று பெயர். கடைசியில் ஒரு வாழ்த்துச் செய்யுள். காளிதாசனின் சாகுந்தலத்தில் அது, அரசன் குடிமக்கள் நலத்துக்காக உழைக்கட்டும் என்று தொடங்கும். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகரும் அரசிக்காகப் பிரார்த்தனை செய்வதாக மண்டியிட்டு முடிப்பதுண்டு. 'மங்களம் பாடிட்டாங்க' என்று நாம் எதையாவது முடித்துவிட்டதற்குச் சொல்கிறோமே, அந்தப் பேச்சு வந்ததும் இதுமாதிரி வாழ்த்திலிருந்துதான்.

இனி ஆங்கில மேடைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் வாழ்த்தையும் மன்னிப்பையும் தாண்டி நிறைவுரையால் என்ன செய்ய முடியும் என்று அங்கே சிலர் துணிந்து பார்த்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் 1599 வாக்கில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' ஒரு வெற்றி நாடகம். அஜின்கோர்ட் போரில் ஜெயித்து, பிரெஞ்சு இளவரசியைக் கைப்பிடித்து ராஜா நிற்கிறான். கூட்டம் கொண்டாட வேண்டிய இடம். அங்கே கதைசொல்லி வந்து 14 வரியில் ஒரு பாட்டுச் சொல்கிறான்: இவனுக்குப் பிறகு இவன் பிள்ளை கைக்குழந்தையாகவே பட்டத்துக்கு வந்தான், ஆள ஆள் பலர் ஆனார்கள், பிரான்சும் போயிற்று, இங்கிலாந்தும் ரத்தம் சிந்திற்று. அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் ஊதிய வெற்றிச் சங்கை 14 வரி இறக்கி வைத்துவிடுகிறது.

நடிகை நெல் க்வின் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. 1660-க்குப் பிறகுதான் லண்டன் மேடையில் பெண்கள் தொழிலாக நடிக்கத் தொடங்கினார்கள். 1669-இல் டிரைடன் எழுதிய ஒரு சோக நாடகத்தில் அவள் குத்திக்கொண்டு செத்துக் கிடக்கிறாள். பிணத்தைத் தூக்க ஆள் வருகிறான். சட்டென்று எழுந்து, "நிறுத்துடா, பைத்தியமா உனக்கு? நான் எழுந்து நிறைவுரை சொல்ல வேண்டும்" என்று அவனைத் திட்டிவிட்டுச் சபையிடம் பேசுகிறாள். அந்தக் காலத்தில் நிறைவுரை தனிக் கலையாகவே வளர்ந்திருந்தது. நாடகம் ஒருவருடையது, நிறைவுரை எழுதுவது இன்னொருவர் என்பதும் சகஜம்.

நாவல் வந்தபோது கைதட்டல் கேட்க வேண்டிய தேவை போய்விட்டது. எதிரே ஆள் இல்லை. விளக்கடியில் ஒற்றை வாசகர். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அப்புறம்? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. எங்கள் வீட்டில் அப்பா பழைய இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்தார். ஐந்து பாகம் எழுதி முடித்த பிறகும் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்ற கேள்வி வாசகர்களை விடவில்லை. கல்கி ஒரு முடிவுரை எழுதிச் சேர்த்தார். சரித்திரக் கதைக்கு முற்றும் போடுவதிலுள்ள சங்கடத்தை அதில் பேசுகிறார். கற்பனைப் பாத்திரங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து முடித்துவிடலாம். வரலாற்று மனிதர்கள் புத்தகம் மூடிய பிறகும் வாழ்ந்துகொண்டே போகிறார்களே! நான் மேலே பிரித்த பிரிவில் அது நிறைவுரையா பின்னுரையா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில் என்றுதான் சொல்ல முடியும். ஆசிரியரே பேசுகிறார், ஆனால் பாத்திரங்களின் மிச்ச வாழ்க்கையைச் சொல்கிறார்.

ருஷ்யர்கள் இதில் பெரிய கை. டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' நூலுக்கு இரண்டு பாகமாக நிறைவுரை எழுதினார். முதலாவதில் குடும்பங்கள், இரண்டாவதில் முழுக்க வரலாற்றுத் தத்துவம். துள்ளித் திரிந்த நடாஷா நாலு பிள்ளைக்குத் தாயாகிப் பருத்துப்போய் நிற்பதை வாசகர்கள் பலர் மன்னிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கும். வாழ்க்கை அப்படித்தான் பருக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866-இல் வந்தது. கொலை செய்தவன் சரணடைந்து, எட்டு ஆண்டுக் கடுந்தண்டனையோடு சைபீரியாவில் இருப்பதைச் சொல்லும் அதன் நிறைவுரை வலிந்து ஒட்டியது என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

ஒரு பக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹெர்மன் மெல்வில்லின் திமிங்கிலக் கதையே சாட்சி. 1851 அக்டோபரில் அது லண்டனில் மூன்று தொகுதியாக வந்தபோது கடைசியில் இருக்க வேண்டிய சின்ன நிறைவுரை அச்சாகாமல் போயிற்று. கப்பல் மூழ்கி எல்லாரும் சாவதோடு புத்தகம் முடிந்தது. அப்படியானால் 'நான்' என்று இத்தனை பக்கமும் கதை சொன்னவன் யார், செத்தவனா சொன்னான் என்று விமரிசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் 'மோபி டிக்' என்ற பெயரில் வந்த பதிப்பில் அந்தப் பக்கம் இருந்தது: நண்பனுக்காகச் செய்து வைத்த சவப்பெட்டி மிதந்து வர, அதைப் பிடித்துக்கொண்டு அவன் ஒருவன் மட்டும் பிழைக்கிறான். நான் ஒருவன்தான் தப்பி வந்தேன், உனக்குச் சொல்ல, என்ற பைபிள் வாசகத்தை அதன் தலையில் வைத்திருந்தார் மெல்வில்.

அந்த வாசகத்தை நான் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது என் பெரிய தாத்தா. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர்களில் எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உன் அண்ணன் எங்கே எப்படிப் போனான் என்று சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாராம். பாட்டி சொல்லிக் கேட்டது.

இந்தக் கட்டத்தில் பையனுக்கு நான் முக்கியமாகக் காட்ட நினைத்தது பெர்னார்ட் ஷாவின் 'புனித ஜோன்'. பிரான்சுக்காகப் போரிட்ட ஜோன் 1431-இல் எரிக்கப்பட்டாள். 25 ஆண்டு கழித்து 1456-இல் அந்தத் தீர்ப்புச் செல்லாது என்றார்கள். 1920-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 1923-இல் ஷாவின் நாடகம் மேடையேறியது. தீயோடு நாடகத்தை முடித்திருந்தால் எல்லாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஷா ஒரு நிறைவுக் காட்சி வைத்தார். 1456, அரசன் சார்லஸ் படுக்கையில் கிடக்கிறான். கனவில் ஜோன் வருகிறாள், அவளை எரித்தவர்களும் காட்டிக்கொடுத்தவர்களும் வருகிறார்கள், 1920-ஆம் ஆண்டு உடுப்பில் ஒருவர் வந்து புனிதர் பட்டச் செய்தியை வாசிக்கிறார். எல்லாரும் மண்டியிட்டு ஆளுக்கொரு புகழ் பாடுகிறார்கள். அப்போது அவள் கேட்கிறாள்: சரி, நான் உயிரோடு திரும்பி வரட்டுமா? ஒவ்வொருவராக எழுந்து ஏதோ சாக்குச் சொல்லி நழுவுகிறார்கள். அவள் தனியாக நிற்கிறாள்.

இந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள் என்று ஷாவிடம் பலர் கேட்டார்கள். அவர் மறுத்தார். ஜோனின் கதை தீயில் முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது என்பது அவர் வாதம். இதே ஷா 'பிக்மேலியன்' நாடகத்திலும் பின்னால் ஒன்றைச் சேர்த்தார். 1914-இல் லண்டனில் பேராசிரியராக நடித்தவர் கடைசியில் கதாநாயகிக்குப் பூ வீசி, இருவருக்கும் காதல் என்பது போல முடித்துவிட்டார். கோபம் வந்த ஷா, 1916 பதிப்பில் நீண்ட உரைநடை ஒன்றை எழுதி, அவள் கட்டிக்கொண்டது ஃப்ரெடி என்ற வேறொரு இளைஞனைத்தான் என்று அறிவித்தார். யாரும் கேட்கவில்லை, ஜனங்கள் இன்றுவரை அவளைப் பேராசிரியருக்கே கட்டிக்கொடுக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒன்றில் ஜோன் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள். மற்றொன்றில் ஆசிரியர் நம்மோடு வழக்காடுகிறார்.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் 'செசுவானின் நல்ல மனுஷி' இன்னும் ஒரு படி போகும். நடிகர் ஒருவர் திரைக்கு முன்னால் வந்து, இது சரியான முடிவில்லை என்று எங்களுக்கும் தெரியும், திரை மூடியாயிற்று, கேள்வியெல்லாம் திறந்தே கிடக்கிறது, நல்ல முடிவு ஒன்றை நீங்களே தேடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்.

இத்தனையும் பையனிடம் சொன்னேன். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலம். எல்லாப் பாத்திரங்களும் வரிசையாக வந்து, என் மகன் டாக்டர், நான் சிங்கப்பூர் போனேன் என்று ஒப்பிப்பது வேண்டாம். ஒருவர் மட்டும் திரும்பட்டும் என்றேன். புத்திமதி வரியையும் எடுத்துவிடச் சொன்னேன். அவன் லேசில் விடவில்லை. "இளங்கோவடிகளே கடைசியில புத்திமதிதானே டீச்சர் சொல்றாரு?" என்றான். நியாயமான கேள்வி. இளங்கோ முதலில் தானே கோயிலுக்குள் நுழைந்து, கண்ணகி வாயால் தன் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் நம்மிடம் பேசுகிறார். உன் நாடகத்தில் அப்படி யார் வருகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

மறுநாள் மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். நாடகம் லாரி கிளம்புவதோடு முடிகிறது. துண்டாடலை எதிர்த்து 1960-இல் எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி நாலு வசனம் முன்பே வந்துவிடுகிறது. அதைக் கடைசியில் விளக்க வேண்டியதில்லை. லாரி போன பிறகு, பால்மரம் வெட்டும் பெண்ணாக நடித்தவள் மட்டும் மேடையில் நிற்கிறாள். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கிறாள். தன் சொந்தப் பெயரைச் சொல்கிறாள். "இந்த மேடை போட்டிருக்கிற இடம் ஏழாம் நம்பர் லயம். எங்க பாட்டி வீடு கடைசி வாசல், அதோ அந்தத் தண்ணிக் குழாய்கிட்ட. லாரி ஏறினவங்கள்ல எங்க பாட்டியும் ஒருத்தவங்க. உங்க வீட்டுல யாரு ஏறினாங்க?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் வசனம்.

ஒத்திகையில் அந்தக் கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் சும்மா நிற்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. யாராவது நிஜமாகவே பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். சொல்லட்டும், கேட்டுக்கொள் என்றேன். கீபோர்டு வாசிக்கும் அண்ணனுக்கு வேறு கவலை: "பாப்பா துண்டை மடிச்சுக் கையில எடுத்ததும் மங்களம் ஆரம்பிக்கவா, இல்ல சனங்க பேசி ஓயட்டும்னு காத்திருக்கவா?" பையன் ஒன்று சொன்னான், அந்தப் பெண் ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். சனிக்கிழமை ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.